வைஃப் ஆஃப் பாத் கடைசில ஜெயிச்சாளா தோத்தாளா? இடைக்கால இங்கிலீஷ் கதைகள்ல பொண்ணுங்களோட அதிகாரம் பத்தி ஒரு டவுட்டு

நூலகப்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறேன், இந்த செமஸ்டர் சாசரோட (14ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிஞர்) கேன்டர்பரி டேல்ஸ்ல வைஃப் ஆஃப் பாத் பகுதி பாடம். யாத்திரை போறவங்க வழில ஆளுக்கொரு கதை சொல்ற புஸ்தகம் அது, அதுல பாத் ஊர்க்காரி ஒருத்திதான் இவ. மேடம் வந்தாங்க, இவ அந்தக் காலத்துலயே பெண்ணியம் பேசுனவன்னு சொன்னாங்க, பெரிய கேள்வியா வரும் நல்லா படிச்சுக்கோங்கன்னுட்டு அடுத்த பாடத்துக்கு போயிட்டாங்க. எனக்கு மனசே ஒப்பல.

அஞ்சு புருஷன கட்டுனா, அத்தன பேரையும் ஆட்டி வச்சா, அதெல்லாம் சரி. ஆனா அவ சொல்ற கதைய பாருங்களேன். ஆர்தர் ராஜா சபைல இருக்குற ஒரு நைட்டு (குதிரை வீரன்), ஆத்துப் பக்கத்துலேர்ந்து குதிரைல வர்றப்ப தனியா நடந்து போற ஒரு பொண்ண பலாத்காரம் பண்றான். தலைய எடுக்கணும்னு தீர்ப்பு. ராணி குறுக்க வந்து, பொண்ணுங்க எல்லாத்தையும் விட எத ஆசப்படுறாங்கன்னு கண்டுபிடிச்சு சொல்லு, ஒரு வருஷமும் ஒரு நாளும் டைம், சொன்னா உயிரோட விடுறேங்குறா. எங்கெங்கயோ அலைஞ்சு கடைசில ஒரு கிழவி பதில் சொல்லித் தரா: புருஷன் மேல அதிகாரம் வேணும், அதான் அவங்க ஆச. தப்பிச்சிட்டான். ஆனா அதுக்கு பதிலா என்ன கட்டிக்கோன்னு சபைலயே கேட்டுடுறா. கட்டிக்கிறான், மொத ராத்திரி கட்டில்ல பொரண்டு பொரண்டு படுக்குறான், அவ ஒரு நீளமான லெக்சர் குடுத்துட்டு, நான் கிழவியா இருந்து உனக்கு உண்மையா இருக்கவா, இல்ல அழகா இருந்து அதுக்கப்புறம் நடக்குறத உன் ரிஸ்க்குல விடவான்னு கேக்குறா. அவன் நீயே முடிவு பண்ணிக்கோங்குறான். உடனே அவ அழகாவும் ஆயிடுறா, உண்மையாவும் இருக்கா, அதுக்கு மேல எல்லாத்துலயும் அவன் சொல்பேச்சு கேட்டு நடந்தாளாம்.

அப்ப ரேப் பண்ணவனுக்கு அழகான பொண்டாட்டி பரிசு, அதிகாரம் கேட்டவ அத வாங்குன கையோட திருப்பிக் குடுத்துட்டா. இதுல எங்க இருக்கு பவர்? எழுதுனதும் ஒரு ஆம்பள. செமினார் பேப்பர் இதுலதான் எழுதப் போறேன், அந்தக் கால இங்கிலாந்து எழுத்துல ஆம்பளைங்க மேல நெஜமாவே அதிகாரம் வச்சிருந்த பொண்ணுங்க இருக்காங்களா, இல்ல எல்லாமே ஆம்பளைங்க உக்காந்து அடிச்ச ஜோக்கா? வேற எந்த டெக்ஸ்ட் பாக்கலாம்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

கீழவாசல் வாத்தியார்:

நல்ல கேள்விமா. கதைய கொஞ்சம் தள்ளி வச்சுட்டு, அதுக்கு முன்னாடி அவ தன் வாழ்க்கையப் பத்தி பேசுற முன்னுரைய எடு. முன்னுரை 856 வரி, கதை அதுல பாதிகூட இல்ல, சாசர் எங்க போய் உக்காந்துட்டார்னு அதுலயே தெரியுது. அந்த 856 வரிலயும் கிளாஸ்ல யாரும் கண்டுக்காம விடுற ஒரு விஷயம் நிலம்.

ஆலிசனுக்கு, அதான் வைஃப் ஆஃப் பாத்தோட பேரு, மொத கல்யாணம் 12 வயசுல. முதல் மூணு புருஷனும் வயசான பணக்காரங்க, நிலத்தையும் சொத்தையும் அவ கைல குடுத்துட்டாங்க, குடுத்ததுக்கு அப்புறம் அவனுங்கள நான் எதுக்கு தாங்கணும்னு அவளே சொல்றா. அந்தக் காலத்து இங்கிலாந்து சட்டம் என்னன்னா, கல்யாணம் ஆயிட்டா பொண்ணோட பணம் நகை சாமான் எல்லாம் புருஷனுது, நிலம் அவ வழில வந்ததா இருந்தாலும் அவன் உயிரோட இருக்குற வரைக்கும் நிர்வாகம் அவன் கைல. புருஷன் செத்தா வழக்கமா அவன் நிலத்துல மூணுல ஒரு பங்கு அவ ஆயுசு வரைக்கும் அவளுக்கு. 1215ல ராஜா ஒத்துக்கிட்ட உரிமை சாசனம் மேக்னா கார்ட்டாலயே விதவைய பிடிச்சு மறுபடி கட்டிக்கோன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கு, அப்டி ஒரு ஷரத்து போட வேண்டி வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்துட்டு இருந்திருக்கும்னு நீயே யோசி. ஆக அந்த ஊர்ல சட்டப்படி சுதந்திரமா இருக்குற பொண்ணு யாருன்னா விதவை. ஆலிசன் ஒவ்வொரு புருஷன் போறப்பவும் ஒரு படி ஏறுறா. நாலாவது ஆளுக்கு வப்பாட்டி உண்டு, அவன பொறாமைலயே வறுத்து எடுத்து, செத்ததும் காசு செலவில்லாம பொதைச்சிட்டேன், ஆடம்பரமா பொதைக்கிறது வேஸ்ட்டுங்குறா. வெட்கமே கெடையாது. எனக்கு அந்த இடம் ரொம்ப பிடிக்கும்.

அந்த சாவு ஊர்வலத்துலயே பெட்டிக்குப் பின்னாடி நடந்து போற ஜான்கினோட காலப் பாத்து மயங்கிடுறா. அவனுக்கு 20, இவளுக்கு 40. ஆக்ஸ்ஃபோர்டுல படிச்ச பையன். மாசக் கடைசில கல்யாணம், அதுவரைக்கும் சேத்த நிலம் பூரா அவன் கைல தூக்கிக் குடுத்துடுறா. அப்புறம் அதுக்காக ரொம்ப வருத்தப்பட்டேன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிடுறா பாரு, முன்னுரை முழுக்க அவ தோத்த ஒரே இடம் அது, யாரும் ஏமாத்தல, ஆசைல தானே எழுதிக் குடுத்தது. இப்ப அவன் வீட்டு எஜமான். ராத்திரி நெருப்புகிட்ட உக்காந்து கெட்ட பொண்டாட்டிங்க கதைங்களா கட்டி வச்ச ஒரு புஸ்தகத்த சத்தமா படிச்சு படிச்சு சிரிக்கிறான். ஏவாள்ல ஆரம்பிச்சு, சாம்சன் தலமுடிய வெட்டுனவ, சாக்ரடீஸ் தலைல மூத்திரத்த ஊத்துன பொண்டாட்டி, ஒருத்தி பாக்கி இல்ல. இவ பொறுத்துப் பொறுத்துப் பாத்து மூணு ஏட்ட கிழிச்சு, கன்னத்துல ஒரு குத்து விட்டா, அவன் நெருப்புலயே மல்லாக்க விழறான். எந்திரிச்சு தலைல அடிக்கிறான், இவ பொணம் மாதிரி கெடக்குறா. அவன் பயந்து ஓடப் பாக்குறப்ப கண்ண தொறந்து என்ன சொல்றா? திருடா, என் நிலத்துக்காகவா என்ன கொன்ன, சாகறதுக்குள்ள ஒரு முத்தம் குடுக்கணும் வா. அவன் மண்டி போட்டு கிட்ட வர்றான், இன்னொரு அறை. அதுக்கப்புறம்தான் சமாதானம்: வீடு, நிலம், அவன் நாக்கு, அவன் கை எல்லாத்தோட நிர்வாகமும் இவ கிட்ட, புஸ்தகம் நெருப்புல.

ஜெயிச்சாளான்னு கேட்டா, ஜெயிச்சா, ஆனா ஒரு காது போச்சு. இத சாசர் எங்க சொல்றார் தெரியுமா, புஸ்தகத்தோட ஆரம்பத்துல எல்லா யாத்ரீகர்களையும் அறிமுகப்படுத்துற ஜெனரல் ப்ரோலாக்ல அவளப் பத்தி வர்ற ரெண்டாவது வரியே காது கொஞ்சம் கேக்காது, பாவம்னு. என்ன விலை குடுத்தான்னு முதல்ல சொல்லிட்டு எத வாங்குனான்னு பல ஆயிரம் வரி தள்ளித்தான் சொல்றார்.

இன்னொண்ணு, கதையோட முடிவு நீ சொன்ன இடத்துல இல்ல. எல்லாத்துலயும் சொல்பேச்சு கேட்டாள்னு வந்த உடனே அவ ஒரு பிரார்த்தனை பண்றா: ஏசுவே, எங்களுக்கு சாதுவான, இளமையான, கட்டில்ல சுறுசுறுப்பான புருஷன குடு, கட்டுனவனுக்கு அப்புறமும் நாங்க உயிரோட இருக்க அருள் குடு, பொண்டாட்டி பேச்சு கேக்காதவன் ஆயுச சுருக்கு, கஞ்சக் கிழவனுங்களுக்கு கொள்ளநோய் வரட்டும். கொள்ளநோய்னு அன்னிக்கு சொல்றது சாதாரண சாபம் இல்லமா, 1348ல பிளேக் வந்து ஊர் ஊரா காலியான நாடு அது. நோட்ஸ் போடுறவங்க இந்த வரிகள வெட்டிட்டு போடுறாங்க.

வெட்டிப்பேச்சு:

வாத்தியார் சார் சூப்பரா எழுதிருக்கீங்க, ஆனா நான் பூனை பக்கம். ஜான்கின் புஸ்தகத்துல பொண்ணுங்க எப்டின்னு போட்டிருக்கு? பணத்தாச, கட்டில் ஆச, வாய் ஓயாது, பொய் சொல்லுவா, புருஷன தூங்க விட மாட்டா. ஆலிசன் எப்டி இருக்கா? அச்சு அசல் அதே. கிழட்டு புருஷன் குடிச்சிட்டு வந்து சொல்லாததெல்லாம் சொன்னான்னு அவளே இட்டுக்கட்டி, பொய்சாட்சிக்கு ஆள் வேற வச்சிருக்கா. அவ பேசுற பாயிண்ட்ல பாதி 4ஆம் நூற்றாண்டு செயின்ட் ஜெரோம் ஜோவினியனுக்கு எதிரா எழுதுன டெக்ஸ்ட்லேர்ந்து வந்தது. அதாவது பொண்ணுங்கள திட்டுன சாமியார் எழுதுன உருவத்துக்கு சாசர் உயிர் குடுத்து, சிவப்பு சாக்ஸ் மாட்டி, குதிரைல ஏத்தி விட்டுருக்கார். அத கேட்டு சிரிச்சவன் எல்லாம் ஆம்பளைங்கதான், முன்னுரை முடியறப்ப கூட வர்ற ஃப்ரையர் (துறவி) ஒருத்தன் சிரிக்கிறதும் டெக்ஸ்ட்லயே இருக்கு. இதுல பெண்ணியம் எங்க வந்துச்சு.

அதுவும் இல்லாம சாசர் மேலயே ரேப் கேஸ் இருந்துச்சுல்ல. அந்தாளு எழுதுன கதைல ரேப் பண்ணவன் தப்பிக்கிறான், ஆச்சரியமே இல்ல.

பழையபேப்பர்:

அந்த கேஸ் விஷயம் மாறிப்போச்சு பாஸ், பேப்பர்ல எழுதிடாதீங்க பூனை. 1380ல சிசிலி ஷாம்பேன்னு ஒரு பொண்ணு சாசர் மேல எந்த வழக்கும் இல்லன்னு எழுதிக் குடுத்த ஆவணத்துல ராப்டஸ்னு ஒரு லத்தீன் வார்த்தை இருந்துச்சு (பலாத்காரம்னும் எடுக்கலாம், ஆளக் கூட்டிட்டு போறதுன்னும் எடுக்கலாம்), 1873ல அது கெடச்சதுலேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல அவர் ரேப் பண்ணாரா இல்லையான்னு ஒரே அடிதடி. 2022ல யூவன் ரோஜரும் செபாஸ்டியன் சோபெக்கியும் லண்டன் நேஷனல் ஆர்கைவ்ஸ்லேர்ந்து புது ஆவணங்கள எடுத்து போட்டாங்க. தாமஸ் ஸ்டாண்டன்னு ஒருத்தர் 1379ல சாசர் மேலயும் சிசிலி மேலயும் சேத்து கேஸ் போட்டிருக்கார், தொழிலாளர் சட்டத்துல. என்கிட்ட வேலைக்கு இருந்தவ சொல்லாம கொள்ளாம இவர்கிட்ட வேலைக்கு போயிட்டான்னு. அப்ப சாசரும் சிசிலியும் எதிரெதிர் கட்சியே இல்ல, ஒரே கட்சி. பிளேக்ல ஜனத்தொகை கொறஞ்சு வேலையாள் கெடைக்காம, வேலைக்காரங்க இஷ்டத்துக்கு எஜமான மாத்தக் கூடாதுன்னு போட்ட சட்டம் அது. வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி நல்ல சம்பளத்துக்கு எடம் மாறுனாலே கோர்ட்டுக்கு இழுக்கலாம்ங்கற காலத்துலதான் ஆலிசன் துணி நெய்து சம்பாதிச்சு மூணு தடவ ஜெருசலேம் போயிட்டு வந்தான்னு சாசர் எழுதுறார். எனக்கு அதுதான் பெரிய கற்பனையா தெரியுது, அஞ்சு புருஷன விட.

நூலகப்பூனை:

வாத்தியார் சார் அந்த நிலம் பாயிண்ட் யாருமே எங்களுக்கு சொல்லல, நன்றி சார். வெட்டி ப்ரோ சொல்றதும் மண்டைல ஓடுது. சாசர் இல்லாம வேற யாராவது? ஆர்தர் சபை நைட்டு கவைனும் பச்ச நைட்டும் வர்ற கதைல ஒரு லேடி வருவாங்களே, அத எடுக்கலாமா? கவிதை 2500 வரியாம், பயமா இருக்கு.

அரைடிக்கெட்:

கவைன் தாராளமா எடு, நவீன இங்கிலீஷ்ல நிறைய மொழிபெயர்ப்பு இருக்கு, ஒரு ஞாயித்துக்கெழமைல முடிச்சிடலாம். 14ஆம் நூற்றாண்டு கடைசி, எழுதுனவர் பேரே தெரியாது, உலகத்துல இருக்குறதே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, 1731ல அது இருந்த காட்டன் நூலகத்துல தீ பிடிச்சு நிறைய போனப்பவும் இது பொழச்சுக்கிச்சு.

கதை தெரியும்ல, பச்ச நெறத்துல ஒரு ராட்சச நைட்டு ஆர்தர் சபைக்கு வந்து என் தலைய வெட்டு, ஒரு வருஷம் கழிச்சு உன் தலைய நான் வெட்டுறேங்குறான், கவைன் வெட்டுறான், அவன் வெட்டுன தலைய கைல எடுத்துட்டு போயிடுறான். ஒரு வருஷம் கழிச்சு கவைன் சாகப் போற வழில ஒரு கோட்டைல தங்குறான். அங்க நடக்குறதுதான் உன் சப்ஜெக்ட். புருஷன் தினம் வேட்டைக்கு போறான், பொண்டாட்டி தினம் காலைல கவைன் கட்டிலுக்கு வர்றா. கதவ சாத்திட்டு உக்காந்து, மாட்டிக்கிட்டியா, இப்ப நீ என் கைதிங்குறா. வெளில புருஷன் மொத நாள் மான், ரெண்டாம் நாள் காட்டுப்பன்னி, மூணாம் நாள் நரி அடிக்கிறான், உள்ள கவைன ஒருத்தி அடிக்கிறா, கவிஞர் ரெண்டையும் மாத்தி மாத்தி காட்டுவார், யாரு வேட்டைக்காரன் யாரு இரைன்னு சொல்லவே தேவையில்ல.

அவகிட்ட என்ன ஆயுதம் இருக்குன்னு கவனி. நிலம் இல்ல, பணம் இல்ல, அவளுக்கு ஒரு பேர்கூட இல்ல, கவிதை முழுக்க லேடிதான். இருக்குறது ஒண்ணே ஒண்ணு, கவைனோட நல்ல பேரு. மரியாதைக்கு பேர் போன கவைன் நீதானா, அவனா இருந்தா இவ்ளோ நேரத்துக்கு ஒரு முத்தமாவது கேட்டிருப்பானே, நீ வேற ஆளுங்குறா. ஒரு பொண்ணு கேட்டா மறுக்கக் கூடாதுங்கறது நைட்டு மரியாதை, சோறு போட்ட வீட்டுக்காரனுக்கு துரோகம் பண்ணக் கூடாதுங்கறதும் நைட்டு மரியாதை, ரெண்டுக்கும் நடுவுல அவன நிக்க வச்சு அழுத்துறா. ஆம்பளைங்க ஆம்பளைங்களுக்காக போட்ட சட்டத்த வச்சே அவன முடக்குறது. மொத நாள் ஒரு முத்தம், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் மூணு. கடைசில மோதிரம் குடுத்தா வேணாம்னவன், இத கட்டிக்கிட்டா யாராலயும் உன்ன கொல்ல முடியாதுன்னு ஒரு பச்ச இடுப்புக்கச்ச நீட்டுறப்ப வாங்கி, வீட்டுக்காரன்கிட்ட சொல்லாம ஒளிச்சு வச்சுடுறான். அவன் விழுந்தது ஆசைல இல்ல, உயிர் பயத்துல.

ஆனா வெட்டி ப்ரோக்கு தீனி இங்கயும் இருக்கு. கடைசில அந்த வீட்டுக்காரனே பச்ச நைட்டுன்னு தெரியுது, என் பொண்டாட்டிய நான்தான் அனுப்பி வச்சேன் உன்ன சோதிக்கங்குறான். அவ்ளோதானா, அவளோட பவர் புருஷன்கிட்ட கடன் வாங்குனதானு தோணும். அடுத்த நிமிஷம் இன்னொரு கதவு தொறக்குது, அந்த புருஷனயே இயக்குனது மார்கன் ல ஃபே, கோட்டைல சாப்பாட்டு மேசைல எல்லாருக்கும் மேல மரியாதையான எடத்துல உக்காந்திருந்த கிழவி. பச்ச நெறம், வெட்டுன தலை, எல்லாம் அவ மந்திரம், எதுக்குன்னா ஆர்தரோட ராணி கினவீர பயமுறுத்தி சாகடிக்க. கவைன் ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்குறப்ப இளசு எப்டி அழகு, கிழவி எப்டி அசிங்கம்னு கவிதைல ஒரு கம்பேர் ஓடும், தன்னோட உயிரு அந்த கிழவி கைல இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியல.

மாட்டிக்கிட்டதும் அவன் என்ன பண்றான்னா, ஆதாம், சாலமன், சாம்சன், தாவீது எல்லாரையும் பொண்ணுங்கதான் கவுத்தாங்க நான் எம்மாத்திரம்னு பொலம்புறான். ஜான்கினோட புஸ்தகம் அப்டியே இவன் வாய்ல வருது பாருங்க! மரியாதைக்கு பேர் போனவன் மானம் போனதும் எத புடிச்சுக்கிறான்னு கவிஞர் வேணும்னேதான் காட்டுறார்னு நான் நெனைக்கிறேன், நெறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க.

நோர்விச் நண்டு:

வணக்கம் பிள்ளை. நான் இங்க நோர்விச்சில இருக்கிறன். நீங்கள் எல்லாரும் ஆம்பிளையள் எழுதின பொம்பிளையளப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருக்கிறியள், இந்தப் பக்கம் உண்மையா வாழ்ந்து தங்கட சொல்லையும் விட்டிட்டுப் போன ஆக்கள் இருக்கினம்.

மார்ஜரி கெம்ப். 1373 அளவில பிறந்தவ, இப்ப கிங்ஸ் லின் எண்டு சொல்ற ஊர், இங்கயிருந்து காரில ஒரு மணித்தியாலம். தகப்பன் அஞ்சு தரம் மேயரா இருந்தவர், அந்தத் திமிர் மனிசிக்கு நல்லா இருந்தது, உன்னைக் கட்டினதே எனக்குக் குறைவு எண்டு புருஷன் ஜோனுக்குச் சொல்லிக் காட்டுவா. 14 பிள்ளையள் பெத்தவ. ஏல் எண்ட பியர் காய்ச்சி வித்தா, நட்டம். பிறகு குதிரை கட்டி மா அரைக்கிற மில் போட்டா, குதிரை இழுக்கமாட்டன் எண்டு நிண்டிட்டுது, ஊர் சனம் இது கடவுள் சாபம் எண்டு சொல்லிச்சினம். பிறகு கிறிஸ்து தன்னோட கதைக்கிறார் எண்டு சொல்லி, புருஷனோட படுக்க மாட்டன் எண்டு தொடங்கினா. அந்தக் காலத்துச் சட்டப்படி அதுக்குப் புருஷன்ர சம்மதம் வேணும், ஜோன் சம்மதிக்கேல்ல.

1413ம் ஆண்டு ஜூன் 23, வெள்ளிக்கிழமை, நல்ல வெய்யில். ரெண்டு பேரும் யோர்க் பக்கமிருந்து நடந்து வரீனம், அவவின்ர கையில பியர் போத்தல், அவர் உடுப்புக்குள்ள ஒரு கேக். ஜோன் கேக்கிறார்: ஒருத்தன் வாளோட வந்து, நான் உன்னோட படுக்காட்டி என்ர தலைய வெட்டுவன் எண்டு சொன்னா நீ என்ன செய்வாய்? மனிசி சொல்றா, நீ வெட்டுப்பட்டுச் சாகிறதப் பாத்தாலும் பாப்பன், பழையபடி அந்த அசுத்தத்துக்குத் திரும்பமாட்டன். அவர் சொல்றார், நீ நல்ல மனிசி இல்ல. நான் இத முதல் வாசிச்சபோது சிரிச்சு முடியேல்ல.

பிறகுதான் வியாபாரம். அவர் மூண்டு கேக்கிறார்: ஒரே கட்டில்ல படுக்கோணும், ஜெருசலேம் போக முதல் என்ர கடனைக் கட்டோணும், வெள்ளிக்கிழமையில என்னோட இருந்து சாப்பிடோணும், ஏனெண்டா மனிசி வெள்ளி விரதம். அவ வயலில நிண்ட ஒரு சிலுவைக்குப் பக்கத்தில முழந்தாளிட்டு அழுது கும்பிடுறா. கிறிஸ்து சொன்னாராம், நான் உன்னை வெள்ளி விரதம் இருக்கச் சொன்னதே இண்டைக்கு அத விட்டுக்குடுத்து மற்றத வாங்கத்தான். எழும்பி வந்து சொல்றா, கடன் கட்டுறன், வெள்ளி சாப்பிடுறன், நீ என்ர கட்டிலுக்கு வரக்கூடாது. ஜோன் ஓம் எண்டிட்டார். வாத்தியார் சொன்ன நிலம் மாதிரி இங்க கடன். கையில காசு இல்லாத மனிசியா இருந்திருந்தா கிறிஸ்து எவ்வளவு சொல்லியும் ஜோன் விட்டிருக்க மாட்டார் எண்டுதான் நான் நினைக்கிறன்.

அவவுக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல வேற ஆக்கள் எழுதினவை. முதல் ஆளின்ர எழுத்து ஒருத்தருக்கும் விளங்காம, 1436ல ஒரு பாதிரியார் திருப்பி எழுதத் தொடங்கினார். முழுப் பிரதி 1934ல தான் ஒரு குடும்பத்தின்ர வீட்டில கிடைச்சது.

மற்றது மார்கரெட் பாஸ்டன், இதே நோர்ஃபோக் தான். புருஷன் லண்டனில வழக்குப் பேசிக்கொண்டு நிக்க, கிரஷம் எண்ட இடத்து வீட்டை மோலின்ஸ் பிரபுவின்ர ஆக்கள் பறிக்க நிக்கினம், இவ உள்ளுக்கு இருந்து காவல். 1448ல புருஷனுக்கு எழுதின கடிதத்தில, குறுக்குவில்லும் அம்பும் வாங்கி அனுப்புங்கோ, உங்கட வீடு உயரம் குறைவா இருக்கிறபடியா நீட்டு வில்லால வெளிய அடிக்க ஏலாது எண்டு சொல்லி, அதே கடிதத்தில ஒரு றாத்தல் பாதாம், ஒரு றாத்தல் சீனி, பிள்ளையளுக்குச் சட்டைத் துணியும் கேக்கிறா. 1450ல அவையள் வந்து இவவைத் தூக்கி வெளிய விட்டது வேற கதை. ஆனா இதே மனிசிதான் 1469ல தன்ர மகள், வீட்டுக் கணக்கு நிலம் பாக்கிற ரிச்சர்ட் கால் எண்டவரை ஒளிச்சுக் கட்டினதுக்கு வாசல்படி மிதிக்க விடேல்ல. மகளை நோர்விச் பிஷப் கூப்பிட்டு என்ன வார்த்தை சொல்லிக் கட்டினனி எண்டு விசாரிச்சார், அந்தச் சொல்லு காணாதெண்டா இன்னும் உறுதியாச் சொல்லிட்டு வாறன் எண்டு பிள்ளை நிண்டுது. கலியாணமும் நிண்டுது.

வெட்டிப்பேச்சு:

நண்டு அண்ணே, அந்த பியர் போத்தல் சீனுக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா பூனை கேட்டது இலக்கியம், கடிதமும் கணக்கும் இலக்கியத்துல சேருமா? கதை எழுதுன பொம்பளைன்னு யாராவது உண்டா அந்தக் காலத்துல?

கீழவாசல் வாத்தியார்:

மார்ஜரி புஸ்தகத்த இலக்கியம் இல்லன்னு சொன்னா சண்டைக்கு வருவேன் தம்பி. கதை எழுதுனவங்க வேணும்னா மரி த ஃபிரான்ஸ் இருக்காங்க, 12ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்துல இருந்து எழுதிருக்கணும்னு பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க, மொழி மட்டும் ஃபிரெஞ்சு, அன்னிக்கு இங்கிலாந்து அரண்மனைல பேசுனதே அதான். லான்வல்னு ஒரு கதை. ஆர்தர் தன் ஆளுங்களுக்கு நிலமும் பொண்டாட்டியும் பிரிச்சுக் குடுக்குறார், லான்வல மட்டும் மறந்துடுறார். கைல காசில்லாம ஊருக்கு வெளில படுத்துக் கெடக்குறவன ஒரு தேவதைப் பொண்ணு கூப்பிட்டு காதலும் குடுக்குறா, செலவழிக்க செலவழிக்க தீராத பணமும் குடுக்குறா, ஒரே கண்டிஷன், என்னப் பத்தி வாய தொறக்கக் கூடாது. அப்புறம் ராணி இவன வளைக்கப் பாக்குறா, இவன் மாட்டேங்குறான், உனக்கு பொண்ணுங்களே பிடிக்காதுன்னு அவ குத்திக் காட்ட, என் காதலி வீட்டு வேலைக்காரிகூட உன்ன விட அழகுன்னு வாய விட்டுடுறான். விசாரணை. நிரூபிக்கணும், இல்லன்னா போச்சு. கடைசி நேரத்துல அவளே வெள்ளக் குதிரைல சபைக்கு வந்து எறங்கி, ராஜாகிட்ட நேரா பேசி, விடுதலை வாங்கிக் குடுத்துட்டு கெளம்புறா. இவன் ஓடிப் போய் குதிரை ஏறுற கல்லு மேல நின்னு, அவ குதிரைலயே அவ பின்னாடி தாவி ஏறிக்கிறான். அவளோட அவலோன்ங்கற மாயத் தீவுக்கு போனவன், அதுக்கப்புறம் சேதியே இல்ல.

அவன் பின்னாடி உக்காந்து போறான் பாத்தியா. ஆம்பள எழுதுன கதைல இது வராதான்னா, சொல்ல முடியாது. ஆனா இதே கதைய 14ஆம் நூற்றாண்டு கடைசில தாமஸ் செஸ்டர்ங்கறவர் இங்கிலீஷ்ல சர் லான்ஃபல்னு எழுதுறப்ப, தேவதை வந்து ராணி கண்ணுல ஊதி குருடாக்கிடுறாங்குற தண்டனைய சேத்துட்டார். மரி கதைல ராணிக்கு தண்டனையே இல்ல, தோத்துட்டு சபைல இருக்கா, அவ்ளோதான். ரெண்டையும் பக்கத்துல வச்சு படிமா, பேப்பருக்கு அதுவே பாதி.

நூலகப்பூனை:

சார் இது செம. அப்ப லான்வலும் வைஃப் ஆஃப் பாத்தும் எடுக்குறேன், மார்ஜரிய ஒரு பகுதியா வைக்கிறேன், நண்டு அண்ணாக்கு ஸ்பெஷல் நன்றி. ஒரே ஒரு விஷயம் இன்னும் உறுத்துது, அந்த ஆத்துப் பக்கம் நடந்து போன பொண்ணு. அவளுக்கு என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கல.

பழையபேப்பர்:

டெக்ஸ்ட்ல அவ திரும்ப வரவே இல்ல, ஒரு வார்த்தைகூட பேசல. நீங்க அதயே எழுதலாம். இதே கதைய சாசரோட ஃப்ரெண்டு ஜான் கவரும் எழுதிருக்கார், கன்ஃபெசியோ அமான்டிஸ்ல ஃப்ளோரன்ட் கதை. அதுல ரேப்பே கெடையாது, ஹீரோ சண்டைல ஒருத்தன கொன்னதுக்கு செத்தவனோட பாட்டி அந்த கேள்விய போடுறா. 15ஆம் நூற்றாண்டு டேம் ரக்னெல் கதைலயும் (ரக்னெல்தான் அதுல பதில் சொல்ற அசிங்கமான பொண்ணு) ரேப் இல்ல, அங்க சிக்கல் நிலத்தகராறு, ரக்னெலோட அண்ணன் நிலத்த ஆர்தர் புடுங்கி கவைனுக்கு குடுத்துட்டார். மத்த ரெண்டுலயும் ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் நடக்குற தகராறு, சாசர்ல மட்டும் குத்தமே ஒரு பொண்ணுக்கு எதிரா நடக்குது, விசாரணை ராணி கைக்கு போகுது. அந்த ராணி கைல இருக்குற அதிகாரமும் ராஜாகிட்ட கெஞ்சி வாங்குனது, அத வச்சு அவ அந்தப் பொண்ணுக்கு நியாயம் வாங்காம பையனுக்கு ஒரு வருஷ படிப்பு குடுக்குறா. சாசர் அத சரின்னு சொல்றாரா தப்புன்னு சொல்றாராங்கறதுல எல்லாரும் மோதிக்குவாங்க, நீங்களும் ஒரு பக்கம் நில்லுங்க.

சாசர் மூலத்துக்கு ஹார்வர்டு யுனிவர்சிட்டி சாசர் வெப்சைட்ல வரிக்கு வரி நவீன இங்கிலீஷ் போட்டு ஃப்ரீயா இருக்கு. ரக்னெல், மார்ஜரி ரெண்டும் ராச்செஸ்டர் யுனிவர்சிட்டி டீம்ஸ் சைட்ல கெடைக்கும்.

அரைடிக்கெட்:

ரக்னெல் படிக்கிறப்ப கல்யாண விருந்து சீன விட்டுடாதீங்க. மூணு இஞ்ச் நகத்தால கறிய கிழிச்சு ஆறு பேர் சாப்பாட்ட ஒத்த ஆளா முடிப்பா, மாப்பிள்ளை கவைன் பக்கத்துல உக்காந்திருப்பான், ராஜா சபையே வாய பொளந்துட்டு பாக்கும், அவ யாரயும் கண்டுக்க மாட்டா. கினவீர் ராணி காலைல சத்தமில்லாம கல்யாணத்த முடிச்சுடலாம்மான்னு கெஞ்சியும் கேக்காம ஊருக்கே தெரியணும்னு அடம் பிடிச்சு நடத்துன கல்யாணம் அது.